டீக்கடைப் பக்கம் நிற்கும் உரிமை

என் அப்பா அய்யனார் கொத்தனார். தைலம்மாள் அத்தையும் கொத்தனார்தான். இந்த இரண்டாவது வாக்கியத்தை எங்கள் வீட்டில் சொன்னால், அப்பா சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

கிள்ளையிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் ஒரு முக்கு இருக்கிறது. கட்டட வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். ரோட்டின் ஒரு பக்கம் டீக்கடை, பெஞ்சு, தகரக் கொட்டகை நிழல், கொத்தனார் சங்கத்தின் பெயர்ப்பலகை. எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், சாக்கடை, வெயில். டீக்கடைப் பக்கம் கொத்தனார்கள் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் சித்தாள்கள்; எல்லோரும் பெண்கள். வீடு கட்டுகிறவர் பைக்கை டீக்கடைப் பக்கம்தான் நிறுத்துவார். கொத்தனாரிடம் பேசி முடிப்பார். பிறகு கொத்தனார் எதிர்ப்பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி, “ஏ, ரெண்டு பேரு வாங்க” என்பார். இரண்டு பேர் ரோட்டைக் கடந்து வருவார்கள். வேறு எதற்கும் அவர்கள் கடப்பதில்லை. டீ வேண்டுமென்றால்கூடக் கடைக்காரர் பையில் கட்டிக் கொடுத்தனுப்புவார்.

இதற்குச் சட்டம் கிடையாது. வழக்கம், அவ்வளவுதான். ஆனால் டீக்கடைப் பக்கம் நிற்பவரின் கூலியில் ஏறக்குறைய பாதிதான் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு. என்னைப் படிக்க வைத்தது டீக்கடைப் பக்கத்துக் கூலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

டீக்கடைப் பக்கம் நிற்க, சங்கம் இடம் கொடுக்க வேண்டும். மூன்று கொத்தனார்கள் எழுந்து “இவன் கை சுத்தம்” என்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று டீக்கடை முன்னால் நீளமாக வாழை இலை போட்டு, எல்லோருடைய பூச்சுக் கரண்டிகளையும் வரிசையாக வைப்பார்கள். புதியவனின் கரண்டியும் அந்த வரிசையில் அமர்ந்து சந்தனம் குங்குமம் வாங்கிவிட்டால், தலைவர் அவன் தலையில் சிவப்புக் கரை போட்ட துண்டைக் கட்டுவார். அடுத்த வேலைநாளிலிருந்து அவன் அந்தப் பக்கத்து ஆள். சித்தாள்கள் கலவை சுமக்கும் பாண்டுச் சட்டிகளுக்கும் அன்று பொட்டு உண்டு. அவை இலைக்கு வெளியே, சாக்கின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

தைலம்மாள் அத்தை பிறந்தது மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில். அவர்கள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டுக்குப் போனவர்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்கு வண்டி ஏற்றும் காலத்தில் அவளும் போயிருக்கிறாள். கிள்ளையில் சடையப்பன் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் என் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். அத்தை அப்பாவை அண்ணன் என்று கூப்பிட, நான் அவளை அத்தை என்று கூப்பிட, அப்படியே நின்றுவிட்டது.

மாமா கொத்தனார். அத்தை அவருக்குச் சித்தாள். சில வருடங்களிலேயே மாமாவின் கைக்குச் சிமெண்ட் ஒத்துக்கொள்ளாமல் போனது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடியும். கரண்டிப் பிடியை மூட முடியாது. அப்போதுதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். முக்கில் மாமா நிற்பார், பேசி முடிப்பார். அறைக்குள் பூச்சு வேலை தொடங்கியதும் வாசலுக்குச் சாக்குப் படுதா கட்டிவிடுவார். “வெயில் பட்டா பூச்சு வெடிச்சிடும் சார்” என்று வீட்டுக்காரரிடம் சொல்வார். உள்ளே சாரத்தின் மேல் அத்தை ஏறி நிற்பாள். மாமா கீழே நின்று கலவை எடுத்துக் கொடுப்பார். வெளிச்சுவர் வேலை என்றால் அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். படுதா கட்ட முடியாதே.

சிதம்பரத்தில் எத்தனையோ வீடுகளின் உள்சுவர் அத்தை பூசியது. முக்கில் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும். டீக்கடைப் பக்கம் மாமா நின்றவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் சிரிப்புக்குத்தான் உதவியது. “சடையப்பா, இன்னைக்கு உன் கை சேல கட்டிக்கிட்டு வந்திருக்கா?” என்று கேட்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

போன வருடம் டாக்டர் சிமெண்ட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா இறால் பண்ணையில் காவலுக்குப் போய்விட்டார். அத்தைக்கு டீக்கடைப் பக்கம் நிற்க ஆள் இல்லாமல் போனது. மறுபடியும் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்றாள். முந்தாநாள் கரண்டி பிடித்த பையன்களுக்குப் பாண்டு தூக்கினாள். அவர்கள் பூசிய சுவரில் மட்டக்கோலை வைத்தால் அடியில் எலி ஓடும். அவள் கீழே நின்று வாயை மூடிக்கொண்டு அடுத்த பாண்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பாவிடம் வந்தாள். அப்பா சங்கத்தின் செயலாளர்.

“அண்ணே, இந்த ஆயுத பூசைக்கு என் கரண்டியையும் இலையில வெக்கப் போறேன். எனக்காக நீ எழுந்து சொல்லணும்.”

அப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“என் கை எப்படின்னு உனக்குத் தெரியாதா அண்ணே? இந்த வூட்டு ஹாலு யாரு பூசுனது? உனக்கு டைபாய்டுன்னு படுத்திருந்தப்ப?”

“தெரியும்மா. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?”

நான் அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம். அப்பா கெட்டவர் இல்லை, பொய் சொல்பவரும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே சம்பந்தம் தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரவழைத்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டுத் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொங்கு நாட்டில் கம்மாளர் என்னும் கைவினைஞர்களுக்கு அரசன் கொடுத்த உரிமைகளைப் பற்றிய கல்வெட்டு எங்களுக்குப் பாடத்தில் வந்தது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்புப் போடலாம், சொந்த வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். பரீட்சையில் இதை எழுதி, அரசனின் பெருந்தன்மை என்று முடித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஊருக்கெல்லாம் கோயிலும் மாளிகையும் கட்டியவன் தன் சுவரைப் பூச ஏன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்று நானும் கேட்கவில்லை, பாடம் எடுத்தவரும் கேட்கவில்லை. கொடுத்தவன் பட்டம் கல்லில் இருக்கிறது. அதற்கு முன் தடுத்து வைத்திருந்தவன் யார்?

அத்தைக்கு உதவும் என்று நினைத்து இதைச் சங்கக் கூட்டத்தில் பேசப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். தலைவர் செந்தமிழ்செல்வன் பெரிய மேஸ்திரி. நன்றாகப் பேசக் கூடியவர். அத்தை சுவரோரமாக நின்றாள். வியாகுலமேரி அக்காவும் கூட வந்திருந்தாள். அவளும் சித்தாள், கடலூர் முதுநகரிலிருந்து வந்து சிதம்பரத்தில் குடியிருப்பவள். சாப்பாட்டு நேரங்களில் வேலையிடத்துச் சுவர்களில் அத்தையிடம் ஒரு வருடமாகப் பூச்சு பழகியிருந்தாள்.

“நாளைக்கு எங்க வூட்டுக்காரியும் கரண்டி கேப்பா. அப்புறம் சோறு யாரு ஆக்குறது?” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏன் மச்சான், இப்பவும் நாளெல்லாம் பாண்டு தூக்கிட்டு வந்து அவதான ஆக்குறா?” என்றாள் அத்தை. “நீ இன்னா ஆக்குற? வெறகா ஒடைக்கிற?”

“சகோதரி, கோவப்படாதீங்க” என்றார் தலைவர். “பெண்கள் நம் கண்கள். சாரத்துலேர்ந்து நீங்க வுழுந்தா எங்க மனசு தாங்குமா?”

“பாண்டோட ஏணி ஏறுறப்ப தாங்குச்சே.”

அப்போது நான் எழுந்து கல்வெட்டைச் சொன்னேன். கைத்தொழில் செய்தவர்களுக்கு ஒரு காலத்தில் செருப்புப் போடவே தடை இருந்தது, சுவர் பூசத் தடை இருந்தது, அந்தத் தடையை அனுபவித்தவர்களின் வழியில் வந்த நீங்களே இன்னொருவருக்குத் தடை போடலாமா என்று கேட்டேன். எல்லோரும் உன்னிப்பாகக் கேட்டார்கள். புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

“அம்மா கயல்விழி, இன்னொரு தரம் சொல்லு. ராஜாவே குடுத்தாரா?” என்றார் தலைவர்.

“ஆமாம் மாமா.”

“சங்கு? பேரிகை?”

“ஆமாம்.”

கைதட்டல் எழுந்தது. அப்பாவின் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. என் மகள், எம்.ஏ., என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையின் பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்காக எழுந்து சொல்ல மூன்று பேர் இல்லை. ஒருவர்கூட இல்லை.

அந்த வாரமே டீக்கடைக் கொட்டகைக்கு மேலே ஃபிளெக்ஸ் ஏறியது. வாளோடு ஒரு ராஜா, பக்கத்தில் இரண்டு சங்கு, கீழே தலைவரும் அப்பாவும் கும்பிட்டபடி. ‘மாமன்னர் அளித்த உரிமை! மரபு காப்போம்!’ என்று எழுத்து. அன்று முதல் அத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது சொன்னால் இந்தப் பக்கத்திலிருந்து பதில் தயாராக இருந்தது: “ராஜா கொத்தனுக்குக் குடுத்தாரும்மா. சித்தாளுக்கா குடுத்தாரு?”

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவைத் தேடி இல்லை, என்னைத் தேடி.

“யாருடி உன்ன ராஜா கதை சொல்லச் சொன்னது?”

“உனக்காகத்தான் அத்தை. அவங்க தப்பா...”

“என்னா தப்பா? நீ சொன்னத அவுங்க சரியாதான் புடிச்சிக்கிட்டாங்க. பெரிய ஆளு குடுத்தாதான் உண்டுன்னு நீதான சொன்ன? என் கையில வேல இருக்குது. அத எவன்கிட்ட போயி குடு குடுன்னு கேக்கணும்?”

படித்ததை எல்லாம் யாருடைய பக்கம் நின்று படித்தேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. டீக்கடை முன்னால் இலை விரித்தார்கள். கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்கள். சூடம் ஏற்றப் போகிற நேரத்தில் அத்தை ரோட்டைக் கடந்து வந்து, முந்தானையிலிருந்து தன் கரண்டியை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். பிடி தேய்ந்து அவள் உள்ளங்கைக்குப் பள்ளம் விழுந்திருக்கும் கரண்டி. தலைவர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா குனிந்து அந்தக் கரண்டியை எடுத்தார். வீசவில்லை, திட்டவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பாண்டுச் சட்டிகளுக்குப் பக்கத்தில், சாக்கின் மேல் பதமாக வைத்தார். அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். “சாமிக்கு எங்க இருந்தா என்னாம்மா” என்றார்.

வீசியிருந்தால்கூட நான் அவரோடு இவ்வளவு நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

அத்தை குனிந்து கரண்டியை எடுத்தாள். அப்பா வைத்த பொட்டைச் சேலையில் துடைத்தாள். போய்விட்டாள்.

பூஜை லீவு முடிந்து முக்கு கூடிய முதல் காலை, அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக டீக்கடைப் பக்கம் போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். பையிலிருந்து மட்டக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் நகர்ந்து நின்றார்கள். அவளைச் சுற்றி ஒரு வண்டி நிறுத்துமளவுக்கு இடம் காலியாக இருந்தது. மாடி கட்டும் ஒரு வாத்தியார் வந்தார். காலியாக இருந்த இடத்தில் பைக்கை நிறுத்தியதால் அத்தையிடமே முதலில் கேட்டார்.

“பூச்சு வேலைக்கு ஆளு வேணும்மா. கொத்தனாரு யாரு?”

“நான்தான் சார்.”

அவர் சுற்றிப் பார்த்தார். பெஞ்சிலிருந்து குரல் வந்தது. “சார், அந்தம்மா வந்தா சங்கத்து ஆளு ஒருத்தன் உங்க வாசல்ல கால் வெக்க மாட்டான். நாளைக்குக் கதவு நெல வெக்க, தளம் போட யாருகிட்ட வருவீங்க?” வாத்தியார் பாவம் போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதோடு விடவில்லை. சித்தாள்களைக் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆண் ஆட்களைப் பாண்டு தூக்க வரவழைத்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் அத்தையைத்தான் திட்டினார்கள். “நீ அங்கப் போயி நின்னு நாங்க பட்டினி கெடக்கணுமா? ஒனக்குத் துண்டு வேணும்னா எங்க வயித்துலயா கட்டுவ?” என்று ஒருத்தி ரோட்டைத் தாண்டிக் கத்தினாள். அதில் நியாயம் இருந்தது. அத்தைக்கும் அது தெரியும். வியாகுலமேரி அக்கா மட்டும் அந்தப் பெண்களோடு எதிர்ப்பக்கத்தில் நின்றபடியே, “அவளத் திட்டுற வாயால எதிருல உக்காந்துகினு இருக்கிறவன ஒரு வார்த்த கேளுங்களேன்டி” என்றாள்.

ஐப்பசி மழையில் எல்லோருக்குமே வேலை நின்றது. அத்தை மாமாவின் காவல் சம்பளத்தில் வீட்டை ஓட்டினாள். மழை விட்டு மார்கழியில் கட்டட வேலை மறுபடி சூடு பிடித்தபோது, சங்கத்துக்கு வேறு சிக்கல் வந்தது. ஊருக்குப் போன வெளியூர் ஆட்கள் திரும்பவில்லை. சித்தாள்கள் தேவைப்பட்டார்கள். சித்தாள்களோ, தங்களைத் தள்ளி வைத்த கொத்தனார்கள் யார் யார் என்பதை மறக்கவில்லை. கை தூக்கிக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நின்றார்கள். அத்தையைத் திட்டிய அதே பெண்கள்தான்.

அப்பா ஒரு சாயங்காலம் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், அவர் தடுக்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சிவப்புக் கரை போட்ட புதுத் துண்டு.

“தைலு, கமிட்டியில பேசிட்டோம்” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “பொங்கலுக்கு மேடை போட்டு உனக்குத் துண்டு கட்டுறோம். தலைவரே கட்டுவாரு. போட்டோ எல்லாம் உண்டு. மாவட்டத்துலயே மொத பொம்பள கொத்தனாருன்னு பேப்பருக்குச் சொல்லப் போறாரு. நீ ஒத்துக்கிட்டா அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களும் மொறப்ப விட்டுட்டு வேலைக்கு வருவாங்க.”

அத்தை துண்டைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அவள் முகம் இளகியது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவள் அதை எவ்வளவு நாளாக விரும்பினாள் என்றும் தெரிந்தது.

“மேரிக்கு?” என்றாள்.

“மேரிக்கு என்னா?”

“அவளும் பூசுறா. இன்னும் ரெண்டு புள்ளைங்க பழகுதுங்க. அவுங்களுக்கு?”

“இது உனக்குன்னு ஸ்பெஷலா குடுக்கறதும்மா. உன் ஒருத்திக்கு. அப்படித்தான் கமிட்டியில ஒத்துக்கிட்டாங்க. உள்பூச்சு மட்டும் நீ பண்ணு, வெளிச்சுவரு வேணாம். மத்தவள்லாம் அந்தப் பக்கமே நிக்கட்டும். ஜாஸ்தி இழுத்தா அறுந்துடும்.”

“ஓ” என்றாள் அத்தை. பையைத் துண்டோடு மடித்து அப்பாவின் மடியில் வைத்தாள். “படுதா கட்டிக்கிட்டு உள்ள பூசிகினுதான அண்ணே இருந்தேன் இத்தினி வருசமா? அதுக்கு ஒரு துண்டா? நீயே கட்டிக்க.”

“திமிருடி உனக்கு!” அப்பா எழுந்துவிட்டார். “நான் எவ்ளோ சண்ட போட்டு வாங்கியாந்தேன் தெரியுமா?”

“அன்னைக்கு இலையிலேர்ந்து என் கரண்டிய எடுக்காம இருந்திருந்தா இந்தச் சண்டையே வேணாமே.”

அப்பா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்பது போல. ராஜாவைக் கூப்பிட்டு வந்து நான் பேசியதே போதும்.

அடுத்த நாள் காலையில் அத்தை டீக்கடைப் பக்கம் நின்றாள். வியாகுலமேரி அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பழகுகிற இரண்டு பெண்களும் வந்தார்கள். அப்புறம் கரண்டியே பிடிக்காத நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்தது டீ குடிக்க. “க்ளாஸ்ல குடுங்க, பையில வேணாம்” என்று ஒருத்தி கடைக்காரரிடம் சொன்னது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. கடைக்காரர் கொடுத்தார். வியாபாரம்தானே.

நான் அன்று நூலகத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பிறகு நடந்ததை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆண்கள் எழுந்தார்கள். தலைவர் ஏதோ சொன்னார். ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போய் நின்றார்கள். சாக்கடை ஓரத்தில், வெயிலில். இரண்டு பேர் ஏணி போட்டுச் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் கட்டினார்கள். முதல் பைக் வந்து பழக்கத்தில் டீக்கடை முன்னால் நின்றபோது எதிரிலிருந்து கூப்பிட்டார்கள்: “சார், இங்க வாங்க! கொத்தனார் பக்கம் இப்ப இது!”

பைக்கில் வந்தவர் திரும்பி அந்தப் பக்கம் போனார். அவருக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன?

பெண்கள் டீ கிளாஸோடு நின்றார்கள். நிழலும் பெஞ்சும் டீயும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டன. வேலை எதிர்ப்பக்கம் போய்விட்டது. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இவ்வளவு பேர், என் அப்பாவும்தான், சாக்கடை நாற்றத்தில் நிற்கச் சம்மதிக்கிறார்கள், ஒரு பெண்ணோடு ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். இதை எந்தப் பாடத்தில் எழுதுவது?

அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடி கிளாஸில் மிச்சமிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“வாங்கடி” என்றாள்.

ஒரு லாரி போகட்டும் என்று நின்றார்கள். பிறகு எல்லோரும் ரோட்டைக் கடந்தார்கள். அத்தை நேராகப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற தூரத்தில் நின்றாள். அப்பா இரண்டு எட்டு நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். அவருக்குப் பின்னால் சாக்கடை.

“எங்கதான்டி போவ நீ?” என்று கத்தினார் அப்பா. “எங்கதான் போயி நிப்ப?”

“நீ எங்க நிக்கிறியோ அங்க” என்றாள் அத்தை. “நகரு. பைக்கு வருது.”